பிள்ளைகளுக்குச் சொந்தமாகவே புத்தகம் கொடுப்பது: எப்படிச் செய்யலாம்?

மலையடிவாரம்:
ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை 40 பிள்ளைகள். பாடநூலைத் தவிர வீட்டில் வேறு புத்தகமே இல்லை. கையில் இருப்பது 8,000 ரூபாய். பள்ளி நூலகத்துக்கு வாங்கித் தருவதா, பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுவதா?

ஏட்டுக்கட்டு:
பிள்ளைகளுக்கே கொடுங்கள். பள்ளிக்கென்று கொடுத்தால் இருப்புப் பதிவேட்டில் ஏறும். கிழிந்தால் யார் பதில் சொல்வது என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஆசிரியரைக் குறை சொல்லவும் முடியாது, பொறுப்பு அவர் தலையில். தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முன்பே பேசி, திரும்ப வாங்கக் கூடாது என்பதைத் தெளிவாக்கிவிடுங்கள். பள்ளி முத்திரை வேண்டாம். முதல் பக்கத்தில் பெயரைப் பிள்ளையே எழுதட்டும்.

40 பேருக்கு 40 வாங்காதீர்கள். 15 தலைப்பு, ஒவ்வொன்றிலும் 4 படி, ஆக 60. கடைசியாக வரும் பிள்ளைக்கும் 21 புத்தகம் எஞ்சியிருக்கும். தானே தேர்ந்தெடுத்ததைத்தான் பிள்ளை திரும்பத் திரும்பப் புரட்டும். இது முக்கியம்: எடுத்து நீட்டாதீர்கள், பரப்பி வையுங்கள்.

கரும்பலகை:
வகுப்பைப் பார்த்து வாங்கினால் தவறும். 5-ஆம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் இருப்பார்கள். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று வகுப்பின் பெயர் இல்லாமல் பிரிக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள். நீங்களும் அட்டையில் வகுப்பு எண் ஒட்டாதீர்கள்; பெரிய பிள்ளைகள் கூச்சப்பட்டு எளிய புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள். 15 தலைப்பில் ஆறேழு தலைப்பாவது, பக்கத்துக்கு ஓரிரு வரியும் பெரிய படமும் உள்ளவையாக இருக்கட்டும். நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா, பிரதம் புக்ஸ் மூன்றிலும் தமிழில் கிடைக்கும்.

பழைய புத்தகம் திரட்டும் யோசனை இருந்தால் 'தமிழ்க் கதைப் புத்தகம் மட்டும்' என்று சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் கைடுகள்தான் வந்து குவியும்.

மலையடிவாரம்:
நன்றி. பணம் போதாவிட்டால் நாமே அச்சிடலாமா?

அச்சுக்கோப்பு:
தாராளமாக. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் உள்ள கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பவை, இறக்கி அச்சிடலாம். எழுதியவர், வரைந்தவர் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் நீக்கக் கூடாது.

ஏ4 தாளை மடித்தால் 4 பக்கம். ஆகவே மொத்தப் பக்கம் 4-ஆல் வகுபட வேண்டும். 16 பக்கத்துக்கு 4 தாள். அச்சிடும்போது 'புக்லெட்' முறை, இருபக்க அச்சு, குறுகிய ஓரத்தில் திருப்புதல். நீண்ட ஓரத்தில் திருப்பினால் தாளின் பின்புறம் தலைகீழாக விழும். உள்தாள் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும்; 70-இல் மறுபக்கப் படம் தெரியும். சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்பை எட்டாது, நீளக்கை ஸ்டேப்ளர் வேண்டும். பின்னின் முனை உள்ளே மடங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பாருங்கள்; சிறு பிள்ளைகள் கையைக் கிழித்துவிடும். ஸ்டேப்ளர் கிடைக்காவிட்டால் மடிப்பில் மூன்று துளையிட்டுக் கெட்டி நூலால் தைத்துவிடலாம்.

ஏட்டுக்கட்டு:
புத்தகத்தோடு ஆளுக்கொரு ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையும் கொடுங்கள். ஒழுகும் வீட்டில் ஒரே மழையில் தாள் ஒட்டிக்கொள்ளும்.