தமிழும் பர்மியமும் ஒரே கோப்பில்: எந்த எடிட்டர்?

கேள்வி: யாங்கோனில் எங்கள் கோயில் திருவிழா மலருக்குத் தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றும் தட்டச்சு செய்கிறோம். என்னிடம் விண்டோஸ், அக்காவிடம் மேக், பக்கம் அமைப்பவரிடம் லினக்ஸ். போன மலரில் பர்மியப் பக்கங்கள் உடைந்துபோனதை அச்சான பிறகுதான் பார்த்தோம், மனசே ஆறவில்லை. மூன்றிலும் ஓடும் எடிட்டர் எது அண்ணே?

பதில் 1: தம்பி, எடிட்டரை விடுங்கள், முதலில் அந்தக் கோப்பு ஸோஜியா (பர்மியத்தின் பழைய எழுத்துக் குறியாக்கம்) யுனிகோடா (எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியாக்கம்) என்று பாருங்கள். மியான்மர் 2019 அக்டோபர் 1 அன்று யுனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய கோப்புகள் பலரிடம் அப்படியே கிடக்கின்றன. இரண்டும் எழுத்துகளுக்குப் பயன்படுத்துவது ஒரே குறியெண்களைத்தான், அதனால் எடிட்டரால் பிரித்தறிய முடியாது. ஸோஜியில் பர்மிய 'ஏ' உயிர்க்குறி மெய்க்கு முன்னால் சேமிக்கப்படும், யுனிகோடில் பின்னால்; ஸோஜியின் இந்த வரிசை நம் பழைய தமிழ்க் குறியாக்கமான திஸ்கி மாதிரியேதான். ஸோஜியாக இருந்தால் யுனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டுங்கள்.

பதில் 2: நோட்பேட்++ விண்டோஸுக்கு மட்டும். தட்டச்சுக்கு மூன்றிலும் ஓடும் விஎஸ் கோட், யுடிஎஃப்-8இல் (யுனிகோடைச் சேமிக்கும் வடிவம்) சேமியுங்கள். பக்க அமைப்புக்கு லிப்ரெஆபிஸ், பர்மியத்துக்கு மூன்று கணினியிலும் ஒரே பதௌக் எழுத்துரு. அப்புறம், 'கொ' தேடினால் சில இடங்களில் சிக்காது, கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்திருப்பார்கள்.

கேட்டவர்: பார்த்துவிட்டேன் அண்ணே, வந்த கட்டுரைகளில் மூன்று ஸோஜி. இன்று இரவே மாற்றுகிறேன்.