சியர் என்பதற்குக் ‘கொண்டி’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கி உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பட்டியலில், ட்ரிக்கரை இழுக்கும்வரை ஊசியைப் பிடித்து வைக்கிற ‘சியர்’ (sear) மட்டும் நான்கு நாளாக நகராமல் நிற்கிறது. ‘தடுப்பி’, ‘விசைத்தாங்கி’, ‘விடுவிப்பி’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் அந்த உறுப்பைக் கையில் எடுத்துப் பார்க்காமல் அமைத்தவை என்று படுகிறது. கோபிக்க வேண்டாம், போலீஸில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரராகவே காலம் தள்ளியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

பழைய த்ரீ நாட் த்ரீயை, அதாவது .303 லீ-என்ஃபீல்ட் ரைபிளை எடுத்துக்கொள்வோம். 1907-இல் வந்த மார்க் த்ரீ, நம் நாட்டில் இஷாப்பூரில் செய்தது. தோட்டா அறையை மூடித் திறக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, அறை காலியா என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் பார்த்துவிட வேண்டும். பிறகு போல்ட், மேகசின் இரண்டும் வெளியே. அடுத்து முன்கட்டை. பின்கட்டையைத் தொடவே தேவையில்லை. அதற்குள் ஓடும் நீளத் திருகாணியின் சதுர நுனி, முன்கட்டையின் பின்புறத் தகட்டில் மாட்டியிருக்கும். முன்கட்டை இருக்கும்போதே அதைத் திருகினால் கட்டை பிளக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே நான் ஒன்றைப் பிளந்தேன். ‘படக்’ என்ற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ட்ரிக்கர் கார்டைக் கழற்றினால் ட்ரிக்கரும் அதோடேயே வந்துவிடும். துப்பாக்கி உடம்பின் அடியில் மிஞ்சுவதுதான் சியர். மடக்கிய விரல் மாதிரி வளைந்த எஃகுத் துண்டு. மடித்த தகட்டு ஸ்பிரிங் ஒன்று, ஒரு கையால் இதையும் மறுகையால் மேகசின் பிடியையும் தள்ளிக்கொண்டிருக்கும். திருகை எடுக்கும்போது அந்த ஸ்பிரிங்கின் மேல் கட்டைவிரல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேசைக்கு அடியில் காந்தத்தோடு தவழ வேண்டியதுதான்.

இப்போது அது செய்கிற வேலையைப் பாருங்கள். போல்ட்டை முன்னுக்குத் தள்ளும்போது, தோட்டாவைக் குத்தும் ஊசியின் பின்முனையில் இருக்கும் காக்கிங் பீஸின் அடியில் உள்ள காடியை, அதாவது வெட்டை, சியரின் மூக்கு பிடித்துக்கொள்ளும். போல்ட் மட்டும் முன்னே போகும், உள்ளே ஸ்பிரிங் இறுகும். ட்ரிக்கரின் தலையில் இரண்டு மேடுகள். முதல் மேடு சியரைப் பாதிக்கு மேல் இறக்கும், இரண்டாவது மேடு மிச்சத்தை. முதல் இழுப்புக்கு 3 முதல் 4 பவுண்டு, இரண்டாவதற்கு 5 முதல் 6 பவுண்டு. மூக்கு காடியை விட்ட நொடியில் ஊசி முன்னே பாயும்.

ஆக அது தடுப்பதில்லை, பிடித்து வைத்திருக்கிறது. தடுப்பது சேஃப்டி. இரண்டுக்கும் ‘தடுப்பி’ என்று பெயர் வைத்தால், படிக்கிற பையன் எதை நம்பி விரலை வைப்பான்? ‘விசைத்தாங்கி’யிலும் சிக்கல் உண்டு. ட்ரிக்கருக்கு ‘விசை’ என்று ஏற்கெனவே வைத்துவிட்டோம். இயற்பியலிலும் விசைதான். ட்ரிக்கர் இழுப்பின் எடையை எழுதப் போனால் ‘விசையின் விசை’ என்று எழுத வேண்டிவரும்! அதனால்தான் மேலே ‘இழுப்பு’ என்றே எழுதினேன்.

என் சோதனை எளியது. பட்டறையில் சியரோடு வருகிற வினைகள் மூன்று: பிடிக்கும், விடும், நழுவும். புதுச்சொல்லோடு இவை ஒட்ட வேண்டும். ‘கொண்டி பிடிக்கல’, ‘கொண்டி நழுவுது’, ‘கொண்டி தேஞ்சிருக்கு’. ஒட்டுகிறதா இல்லையா? கதவுக் கொண்டியை அறியாத வீடு தருமபுரிப் பக்கம் கிடையாது. ஆங்கிலச் சொல்லின் வேரும் பழைய பிரெஞ்சில் பூட்டு, பிடி என்ற பொருள்தான்.

தருமபுரியிலிருந்து.

* * *

ஐயா, வணக்கம். நான் ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். துப்பாக்கி தெரியாது, கொண்டி தெரியும். எங்கள் ஊரில் கன்னடக்காரரும் கொண்டி என்றால் கொக்கி, இணைப்பு என்று புரிந்துகொள்வார். தெலுங்கில் தேளின் கொடுக்குக்கும் அதுவே பெயர். வளைந்த மூக்கு என்ற உருவத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டாம். ஆனால் இரண்டு கேள்வி. அடங்காத மாட்டைக் ‘கொண்டி மாடு’ என்கிறோமே, அடக்கிப் பிடிக்கிற உறுப்புக்கு அந்தப் பெயரா? மூக்கு தேய்ந்து நழுவினால் அரத்தால் இரண்டு தேய் தேய்த்துக் கூராக்கிவிட முடியாதா?

* * *

தம்பிக்கு,

இரண்டாவதற்கு முதலில் பதில்: அரத்தைத் தொடவே கூடாது. கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது. அதை அரத்தால் எடுத்தால் அடியில் இருப்பது மெத்து இரும்பு, சீக்கிரம் தேயும். கோணம் ஒரு மயிரிழை மாறினாலும் போல்ட்டை வேகமாக மூடும்போதே துப்பாக்கி வெடிக்கலாம். தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். திரும்பப் பூட்டிய பிறகு, காலித் துப்பாக்கியில் போல்ட்டை நாலைந்து முறை ஓங்கி மூடிப் பார்ப்போம். ஒரு முறை நழுவினாலும் மறுபடி கழற்ற வேண்டும். இதெல்லாம் உரிமம் உள்ளவர் செய்கிற வேலை. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும்.

மாட்டைப் பற்றி: நழுவுகிற சியர் கொண்டி மாடுதான், பொருத்தமாகத்தான் இருக்கிறது! குழப்பம் வரும் என்றால் ‘பிடிகொண்டி’ என்று போடலாம். பேச்சில் ‘பிடி’ தானே உதிர்ந்துவிடும்.

காடியைப் பொறுத்தவரை தச்சர் சொல்லையே வைத்துக்கொள்வோம். முழுதாக ஏற்றியபோது கொண்டி மாட்டுவது ‘முழுக்காடி’. பாதியில் நிறுத்தி, ட்ரிக்கரும் போல்ட்டும் அசையாமல் செய்வது ‘அரைக்காடி’. நாட்டுத் துப்பாக்கியில் சுத்தியல் மாதிரி விழுவதைக் ‘குதிரை’ என்கிறார்கள், அதைத் தொட வேண்டாம். ஆனால் த்ரீ நாட் த்ரீயின் காக்கிங் பீஸைக் குதிரை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இதில் குதிரையே கிடையாது. அதற்கு என்ன பெயர் என்று எனக்கும் இன்னும் பிடிபடவில்லை.