ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். 1930இல், ஸ்டாலின் ஆட்சியில், பொறியாளர்கள் ரகசியக் கட்சி நடத்தி நாசவேலை செய்ததாக மாஸ்கோவில் ஜோடித்த ‘தொழில்துறைக் கட்சி’ வழக்கைப் பற்றிய இயக்குநர் லோஸ்னித்சாவின் ஆவணப்படத்துக்குத் தமிழில் வசன வரிகள் எழுதி வருகிறேன். அன்றைய படச்சுருள்களைக் கொண்டே தொகுத்த படம். அப்படியொரு கட்சியே இருந்ததில்லை. ஆனாலும் குற்றம் சாட்டப்பட்ட பேராசிரியர் ராம்சின் ஒலிவாங்கி முன் நின்று, வகுப்பெடுப்பது போல நிதானமாகத் தன் ‘குற்றங்களை’ அடுக்குகிறார். நெஞ்சு பதறுகிறது.

அரசு வழக்கறிஞர் கிரிலென்கோ (1938இல் அவரையும் சுட்டுக் கொன்றார்கள்) பேசும் பகுதியில் சிக்கி நிற்கிறேன். ‘விரெதீத்தெல்’ என்பதற்கு ‘நாசக்காரர்’ என்று போட்டேன். அந்தக் காலத்தில் ஆளையே மரண தண்டனைக்கு அனுப்பிய சொல். அந்தக் கனம் இதில் இல்லை. பழைய மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத் தமிழ் நூல்களில் இதற்கு என்ன சொல் இருக்கிறது? யாரிடமாவது இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள்.