கடலடி எண்ணெய்ப் பாறைக்குள் தண்ணீர் ஏற்றும் வேலை: நம் ஆட்களின் அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த், டர்பன்:

அங்கோலா பக்கம் ஆழ்கடலில் எண்ணெய் எடுக்கும் மிதவைக் கப்பலில் எனக்குத் தண்ணீர்ப் பிரிவில் வேலை. எண்ணெய் வெளியே வர வர, அடியில் பிரஷர் இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே போனால், எண்ணெயில் கரைந்திருக்கும் வாயு பாறைக்குள்ளேயே பிரிந்து எண்ணெயை முந்திக்கொண்டு ஓடிவிடும். அதைத் தடுக்கத்தான் கடல்நீரை உள்ளே அழுத்துகிறோம். மேலே வரும் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஒரு பீப்பாய் தண்ணீர் போதாது. வாயுவோடு அடியில் இருந்தபோது அந்த எண்ணெய் இன்னும் கூடுதல் இடம் பிடித்திருந்தது. இந்தக் கணக்கைத் தினமும் காலைக் கூட்டத்தில் பார்ப்போம்.

எனக்குப் பெரிய கவலை சல்ஃபேட். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் இருக்கிறது. பாறையில் ஏற்கெனவே இருக்கும் நீரில் பேரியம் என்ற உலோகம் கரைந்திருக்கிறது. இரண்டும் கலந்தால் கிணற்றுக்குழாயில் பேரியம் சல்ஃபேட் கல்லாகப் படியும். சுண்ணாம்புப் படிவை ஆசிட் விட்டுக் கரைக்கலாம். இது ஆசிடுக்கு மசியாது. அதனால் கப்பலிலேயே நானோ ஃபில்டர் சவ்வுகளில் செலுத்தி, லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கும் கீழே கொண்டுவந்த பிறகுதான் உள்ளே அனுப்புவோம்.

ஒரு தடவை சவ்வுகளில் பாதியை நிறுத்த வேண்டி வந்தது. பிரஷர் விழக்கூடாது, சுத்திகரிக்காத கடல்நீரையே அனுப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். எங்கள் சூப்பர்வைசர் அசையவில்லை. உற்பத்திக் கிணறுகளைக் கொஞ்சம் மூடி, எண்ணெய் எடுப்பதைக் குறைக்கச் சொன்னார். விழுந்த பிரஷரைப் பிறகு ஏற்றிவிடலாம், கல் பிடித்த கிணற்றை மீட்பது பெரும்பாடு. அவர் செய்ததுதான் சரி என்று இன்றும் சொல்வேன்.

மோசல் பே:

அண்ணா, சரியாகச் சொன்னீர்கள். தண்ணீர் பாறையையே மாற்றிவிடும் என்பதை நான் நார்வேயில் பயிற்சியின்போது தெரிந்துகொண்டேன். வடகடலில் எக்கோஃபிஸ்க் என்ற எண்ணெய் வயலில், எண்ணெய் எடுத்ததால் பிரஷர் இறங்கி, கடல்தளம் தாழ்கிறது என்று 1984-இல் கண்டுபிடித்தார்கள். 1987-இல் பிளாட்ஃபார்ம்களை 6 மீட்டர் தூக்கினார்கள். பெரிய அளவில் தண்ணீர் ஏற்றத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அப்புறம் பிரஷர் மீண்டும் ஏறியது, ஆனால் தளம் தாழ்வது நிற்கவில்லை. அங்கே இருப்பது சாக் (chalk) என்ற மென்மையான சுண்ணாம்புப் பாறை. கடல்நீர் பட்டதும் அதன் வலு குறைகிறது. பிரஷரை மட்டும் பார்த்தவர்களுக்கு இது புரிய நாளாயிற்று.

ஒன்று கேட்கிறேன் அண்ணா. சல்ஃபேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவை விடும் பாக்டீரியா உண்டே, நீங்கள் சவ்வில் வடிகட்டிய பிறகு உங்கள் கிணறுகளில் அந்த வாயு குறைந்ததா?