ஸ்பாய்லர்: குட்டுடைப்பு சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மாணவர்களுக்கான உளவியல் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கதையின் முடிவை முன்கூட்டியே வெளிப்படுத்திவிடுவதைக் குறிக்கும் 'ஸ்பாய்லர்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். முதலில் 'சுவைக்கேடு' என்று போட்டேன். ஆனால் கட்டுரை சொல்வதே நேரெதிர். 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவை அறிந்துகொண்டு படித்தவர்களே பெரும்பாலும் கூடுதலாக ரசித்திருக்கிறார்கள். 'சுவைக்கேடு சுவையைக் கூட்டுகிறது' என்று பிள்ளைகளுக்கு எப்படி எழுதுவேன்? பழி சுமக்காத சொல்லாக ஒன்று தாருங்கள்.
— ம.

அம்மா, சொல் ஊரிலேயே இருக்கிறது. 'சஸ்பென்ஸை உடைச்சுட்டான்', 'குட்டு உடைஞ்சுபோச்சு' என்றுதானே பேசுகிறோம்? குட்டுடைப்பு. இன்று 11ஆம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.
— ச.

குட்டு தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பொருளில் வழங்கும் சொல். அங்கிருந்து வந்ததைக் கலைச்சொல்லாக்க வேண்டுமா? நன்னூலின் 32 உத்திகளில் 'முடிவிடங் கூறல்' இருக்கிறதே. அதையே எடுத்தாளலாம்.
— இ.

ஐயா, மூன்று மொழிகளிலும் இருந்தால் கடன் என்று ஆகிவிடுமா? கண்ணும் காலும்கூடத்தான் மூன்றிலும் இருக்கின்றன. குடம், குடுவை, குடில், குட்டு எல்லாம் உள்ளடக்கிக்கொள்ளும் பொருளுடைய ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. (குடல் பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.) முடிவிடங் கூறல் இலக்கண நூலுக்குரிய உத்தி, கதைக்கு ஒட்டாது. 'முன்முடிவு' என்று சுருக்கவும் முடியாது, அதற்கு வேறு பொருள் நிலைத்துவிட்டது.
— ச.

வேர் ஒருபுறம் இருக்கட்டும். நம் மரபில் இதற்கு ஏன் சொல் இல்லை என்று யோசித்தீர்களா? சிலம்பின் முகப்பில் வரும் பதிகத்திலேயே கோவலன் கொலையுண்டதும் மதுரை எரிந்ததும் வந்துவிடுகின்றன. அதன் பிறகுதான் 30 காதைகள். பாரதக் கூத்தில் துரியோதனன் படுகளம் பார்த்திருக்கிறீர்களா? சண்டைக்கு முன்பே அவனை ஆளுயரத்துக்குப் பன்மடங்காக மண்ணில் செய்து தரையில் கிடத்திவிடுவார்கள். சாகப்போகிறவன் கண்ணெதிரே கிடக்கிறான். அவனைச் சுற்றித்தான் பீமனும் துரியோதனனும் ஓடி ஓடி அடித்துக்கொள்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் எழுந்து போவதில்லை. என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டால் எப்படி நடக்கிறது என்பதில் மனம் ஊன்றுகிறது.
— வ.

எல்லாக் கதைக்கும் இது பொருந்தாது. 2015இல் ஜான்சன், ரோசன்பாம் இருவரும் செய்த ஆய்வில் முடிவை முன்பே அறிந்தவர்களுக்கு ரசனை குறைந்தது. ம. அம்மா, அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.
— ப.

ப. ஐயா, சேர்த்துவிட்டேன், நன்றி. ச. குட்டுடைப்பு என்கிறார், இ. முடிவிடங் கூறல் என்கிறார். நாளை காலை அனுப்ப வேண்டும். குட்டுடைப்பு என்று போட்டு, முதலிடத்தில் மட்டும் ஸ்பாய்லர் என்றும் எழுதிவிடுகிறேன்.
— ம.

தாமதமாக வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குட்டு என்றால் யாரோ மறைத்தது. உடைப்பவர் இன்னொருவர். என் அம்மா மாத நாவல் வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். 'பிள்ளை பொழைச்சுக்கிச்சா'ன்னு பார்த்த பிறகே முதல் பக்கத்துக்கு வருவார். பயம் தீர்ந்துவிட்டதால் நிதானமாக, சில இடங்களை வாய்விட்டே படிப்பார். அவர் எந்தக் குட்டை உடைத்தார்? உங்கள் கட்டுரையே அவரைப் போன்றவர்களைப் பற்றியதுதான். சொல்பவர் செயலுக்குக் குட்டுடைப்பு இருக்கட்டும். தானே தேடித் தெரிந்துகொள்வதற்கு 'முடிவறிதல்' என்று தனிச்சொல் வேண்டும். அனுப்புமுன் அந்த ஓர் இடத்தையாவது மாற்றுங்கள், அம்மா.
— தே.