ஜூலையில் வெளியே, ஜனவரியில் உள்ளே: சிகாகோ வந்த தம்பிக்கு

பாளையங்கோட்டையிலிருந்து சிகாகோ போய் இரண்டு மாதம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு மூன்று. ஜூலையில் ஊரிலிருந்து ஆச்சி வருகிறார்கள். திறந்தவெளி வாட்டர் பார்க்குக்குப் போவதா, ஓட்டலோடு சேர்ந்த இன்டோர் வாட்டர் பார்க்கில் தங்குவதா?

தம்பி, நான் இப்போது லீவில் திருநெல்வேலியில்தான் இருக்கிறேன். நேற்று ஐந்தருவியில் குளித்த துண்டு இன்னும் கொடியில் காயவில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். சிகாகோ பக்கம் நாங்கள் குடியேறிப் பதினோரு வருடம் ஆகிறது, இரண்டு வகைக்கும் போயிருக்கிறோம்.

குற்றாலத்துக்கு நாம் எப்போது கிளம்புவோம்? சாரல் அடித்தால்தானே. சித்திரை வெயிலில் வெறும் பாறையைப் பார்க்க யாரும் வண்டி கட்டுவதில்லை. அங்கேயும் அதே கணக்குதான். திறந்தவெளிப் பூங்காக்களுக்கு மே கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரைதான் சீசன். அதனால் ஜூலையில் வெளியே போங்கள். இன்டோர் செலவை ஜனவரிக்கு எடுத்து வையுங்கள்.

ஏன் ஜனவரி என்றால், உங்கள் முதல் குளிர்காலம் இனிமேல்தான் வரப்போகிறது. டிசம்பரில் நாலரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். பிள்ளைகள் வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடப்பார்கள். தாமிரபரணியில் முங்கி எழுந்து வளர்ந்த நமக்கு அந்த மாதங்கள் ரொம்பக் கஷ்டம். எனக்கு முதல் வருடம் காரணமில்லாமல் அழுகை வரும். அந்த ஜனவரியில்தான் இன்டோர் ரிசார்ட் ஒன்றுக்குப் போனோம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பனி முழங்கால் உயரம். இந்தப் பக்கம் நம்ம ஊர் வெக்கை. கிரேட் உல்ஃப் லாட்ஜ் என்ற அந்த ரிசார்ட்டில் எப்போதும் 84 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 29 டிகிரி செல்சியஸ் வைத்திருப்பார்கள். நடுவில் 1,000 கேலன் தண்ணீர் நிரம்பிக் கவிழும் ஒரு பெரிய வாளி உண்டு. கவிழும் முன் மணி அடிக்கும். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவார்கள். எங்க அப்பா மட்டும் கண்ணை மூடி, இரண்டு கையையும் தலைமேல் கோத்து, ஐந்தருவியில் நிற்கிற மாதிரியே நின்றார். தண்ணீர் விழுந்து முடிந்தும் கையை எடுக்கவில்லை, அடுத்த மணிக்குக் காத்திருந்தார்.

சிகாகோவிலிருந்து காரில் மூன்று மணி நேரத்தில் விஸ்கான்சின் டெல்ஸ் என்ற ஊர். 1979-இல் தொடங்கிய நோவாஸ் ஆர்க் என்ற பெரிய திறந்தவெளிப் பூங்கா அங்கே, சுமார் 70 ஏக்கர். கோடை முடிந்தால் கூட்டம் வற்றிவிடும் ஊர் அது. 1994-இல் ஓர் ஓட்டல் கூரைக்குள் வாட்டர் பார்க் அமைத்த பிறகுதான் குளிர்காலத்திலும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிரேட் உல்ஃப் லாட்ஜ் தொடங்கியதும் அங்கேதான், 1997-இல். அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் சிகாகோ பக்கத்தில் கர்னி என்ற ஊரிலேயே அவர்களுடைய கிளை இருக்கிறது.

சரி, ஜூலைக்கு வருவோம். முதல் கோடையில் நாங்கள் அவசரப்பட்டு ஜூன் தொடக்கத்திலேயே ஒரு திறந்தவெளிப் பூங்காவுக்குப் போனோம். தண்ணீரில் கால் வைத்ததும் பல் கிட்டியது. மதியம் இடி. இடிச் சத்தம் கேட்டால் எல்லாரையும் கரையேற்றிவிடுவார்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் அமைதியாக இருந்தால்தான் திரும்ப விடுவார்கள். மெயினருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் தடுப்பது போலத்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டிக்கெட் காசு திரும்ப வரவில்லை. மழை வந்தால் வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

ஆச்சிக்காகச் சொல்கிறேன்: திறக்கும் நேரத்துக்கே போய் நிழலில் ஒரு நாற்காலி பிடியுங்கள், பிறகு கிடைக்காது. குளிக்காமல் உட்கார்ந்திருப்பவருக்கும் பல இடங்களில் டிக்கெட் உண்டு. தரை கொதிக்கும், எல்லாருக்கும் தண்ணீரில் போடும் செருப்பு வாங்குங்கள். சேலையோடு சறுக்குகளில் விடமாட்டார்கள். ஜீன்ஸ் அரைக்கால் சட்டையும் ஆகாது. பித்தளைப் பொத்தான் இருக்கிறது என்று என் மகனை முக்கால் மணி நேர வரிசையின் முடிவில் திருப்பி அனுப்பினார்கள். உடம்போடு ஒட்டிய முழுக்கை நீச்சல் உடை இருந்தால் பெண்களுக்கும் சங்கடமில்லை.

ரிசார்ட்டில் அறை வாடகையோடு வாட்டர் பார்க் அனுமதியும் சேர்ந்துவிடும். ஆனால் விளம்பர விலையை நம்பாதீர்கள், மேலே ரிசார்ட் கட்டணம், வரி என்று ஏறும். வார நாட்களில் மலிவு. அறையில் குளிர்பெட்டி, மைக்ரோவேவ் இருக்கும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் இரண்டு வேளைக்குத் தாங்கும்.

இன்னொன்று முக்கியம். அருவித் தண்ணீர் விழுந்து ஓடிவிடும். வாட்டர் பார்க் குளத்தில் அதே தண்ணீரைத்தான் வடிகட்டித் திரும்ப விடுகிறார்கள். இன்டோரில் நெடி அடித்தால் குளோரின் அதிகம் என்று நினைப்போம். உண்மையில் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த நெடி. கூரைக்குள் அது தண்ணீருக்கு மேலேயே தங்கும், கண் எரியும், இருமல் வரும். பிள்ளைக்கு மூச்சிழுப்பு இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். குற்றாலப் பழக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்க வேண்டாம். இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். பாப்பாவை மணிக்கு ஒருமுறை கழிவறைக்குக் கூட்டிப்போங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

பாப்பாவுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டாலும் கைக்கு எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். தாமிரபரணியில் குறுக்குத்துறையில் நீந்தப் பழகியவன் என்ற தைரியம் அலைக்குளத்தில் பிள்ளையைக் காப்பாற்றாது.

மகன் 48 அங்குலம், அதாவது 122 சென்டிமீட்டர் தொட்டுவிட்டானா? பெரிய சறுக்குகள் பலவற்றுக்கு அதுதான் அளவு, சிலவற்றுக்கு 42. செருப்பில்லாமல் சுவரில் நிறுத்தி அளந்து எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் ஜூலையில் எங்கே போகலாம் என்று என்னால் சொல்ல முடியும்.