கராஜ் கூரையில் சொட்டுவது ஒழுக்கா, காற்றின் ஈரமா?

கேள்வி: லண்டனில் ஃபெல்ட் (தார் பூசிய நீர்த்தடுப்பு விரிப்பு) போட்ட தட்டைக் கூரை கராஜ். காலையில் திறந்தால் பலகைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகளில் எல்லாம் துளி தொங்குகிறது. மூன்று நாளாக மழையே இல்லை. கூரையை மாற்ற வேண்டுமா?

பதில்: உறைபனி இரவுதானே? ஆணிதான் முதலில் குளிரும், அங்கேதான் நீர் கோக்கும். நனைந்த காரை உள்ளே விட்டீர்களா?

இன்னொருவர்: அவசரப்படாதீர்கள், ஃபெல்ட்டுக்கு அடியில் தேங்கியது மழை நின்ற பிறகும் சொட்டும், நான் பட்டிருக்கிறேன். ஆனால் ஒழுக்கு என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில், பழுப்பு வளையக் கறையோடு இருக்கும். பலகையை நன்றாக உலரவிட்டு, பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். உங்களைப் பார்க்கும் பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம், தாளுக்குப் பின்னால் நனைந்தால் மேலிருந்து வருகிறது.

கேட்டவர்: ஒட்டினேன். கீழ்ப்பக்கம் முத்து முத்தாக நீர்! துணி உலர்த்தும் இயந்திரமும் அங்கேதான் ஓடுகிறது, சொல்ல மறந்துவிட்டேன்.

பதில்: சரிதான். முதலில் அதன் குழாயை வெளியே விடுங்கள்.